பத்துக் குஞ்சுகளும் நலம்

மரக்காணத்து உப்பளத்தில் கடல் ஏறி, பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் அடித்துவிட்டுப் போய் ஒரு வருஷம் ஆன பிறகு, அந்தக் கரையின் உப்பளக் கூலிகள் இனிமேல் உப்பை நம்பிப் பிழைக்க முடியாது, கோழியை நம்பித்தான் பிழைக்க வேண்டும் என்று ஓர் அலுவலகம் முடிவு செய்தது. அலுவலகத்தின் பெயர் கடலோரக் கோழிவழி வாழ்வாதார மேம்பாட்டு முகமை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கோழி முட்டையிட்டுக் கொக்கரித்தும் விடும் என்பதால் ஜனங்கள் கோழி ஆபீஸ் என்றார்கள். அங்கே பதினோரு மேசைகளும் ஒரு ஜீப்பும் இருந்தன. கோழிதான் இல்லை.

இந்த முடிவைப் பற்றி இருசப்பனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு, "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்க" என்றுதான் சொல்லியிருப்பான். ஆள் வாட்டசாட்டமானவன். உப்பு மூட்டையைத் தனியாகத் தூக்கி லாரியில் போடுவான். ஆனால் முத்திரை குத்திய காகிதத்தைக் கண்டால் முழங்கால் தந்தியடிக்கும். கடல் வந்து குடிசையைக் கொண்டுபோன நாள்முதல் அவனும் மனைவி கொளஞ்சியும் நாலு வயது மகள் தமிழ்நிலாவும் ஒற்றை அறைத் தார் ஷீட் கொட்டகையில் இருந்தார்கள். கல்வீடு கட்டித் தரும் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. மாதம் ஒருமுறை போய், பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவான். நாம் பார்க்காத நேரத்தில் அது அழிந்துபோய்விடும் என்று அவனுக்கு ஒரு பயம்.

தை மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, வீட்டுக்குப் பத்துக் குஞ்சு கொடுத்தார்கள். திட்ட அலுவலர் தெய்வசிகாமணி மாலையும் கழுத்துமாக மைக்கைப் பிடித்தார்.

"கோழியை நீங்கள் கோழியாகப் பார்க்கக் கூடாது. அது உங்கள் வீட்டுப் பிள்ளை. இருபத்திரண்டு வருஷமாக நான் கோழிகளுக்காகவே கோப்பு எழுதி வருகிறேன். இதுவரை ஒரு கோழியைக்கூட நேரில் போய்த் தொந்தரவு செய்தது கிடையாது. அந்த அளவுக்கு அவற்றின்மேல் எனக்கு மரியாதை!"

பந்தல் அதிரக் கைதட்டினார்கள். அப்புறம் உறுதிமொழி. பயனாளிகள் எல்லோரும் ஆளுக்கொரு குஞ்சை எடுத்து வலது கன்னத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, தெய்வசிகாமணி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும். "இக்குஞ்சை நான் என் குழந்தையினும் மேலாகப் பேணிக் காப்பேன்" என்பது கடைசி வரி. இருசப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஓர் எழுத்து விடாமல் சொன்னான். பக்கத்தில் நின்ற கொளஞ்சி நடுவில் இருந்ததை விழுங்கிவிட்டு, "காப்பேன்" என்று மட்டும் சொன்னாள். அவன் பதறிப்போய் யாராவது கவனித்தார்களா என்று நாலாபுறமும் பார்த்தான்.

கையில் ஒரு விதிப் புத்தகம் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு பக்கம். அதன் சாரத்தை ஊரில் எல்லோரும் இப்படிப் புரிந்துகொண்டார்கள்: குஞ்சுகள் வீட்டுக்குள்ளேயே வளர வேண்டும். வெளியே விட்டால் கீரி பிடிக்கும், கணக்கு உதைக்கும். ஒவ்வொரு குஞ்சின் காலிலும் நம்பர் போட்ட நீல வளையம் உண்டு. திங்கட்கிழமைதோறும் எண்ணிப் பார்க்க ஆள் வரும். மாதம் ஒருமுறை அந்த வீட்டின் கடைசிக் குழந்தை குஞ்சுக்கு முத்தம் கொடுப்பதுபோல் படம் பிடிப்பார்கள். அதற்குப் பாசப் படம் என்று பெயர். தலைமை அலுவலகத்துச் சுவரில் மாட்டுவதற்கு. பத்தில் ஒன்று குறைந்தாலும் கல்வீட்டுப் பட்டியலில் பெயர் போய்விடும்.

எனவே குஞ்சுகள் ஓர் அட்டைப் பெட்டியில் அடுப்புக்கும் பாய்க்கும் நடுவில் குடியேறின. பகலில் அறை முழுக்க மேய்ந்தன. பாயில் பேண்டன, சோற்றுத் தட்டைத் தாண்டின, தமிழ்நிலாவின் மடியில் ஏறித் தூங்கின. மாரியம்மன் கோயில் உண்டியலைக்கூட ஜனங்கள் இத்தனை பயபக்தியோடு காத்ததில்லை.

இரண்டாம் வாரம் 4417 நம்பர்க் குஞ்சு மயங்கிச் சாய்ந்தது. இருசப்பனுக்குக் கல்வீடே சாய்ந்தாற்போல் இருந்தது. கொளஞ்சி அதைத் தரையில் வைத்து, கைக்கு அகப்பட்ட எவர்சில்வர் கிண்ணியை அதன்மேல் கவிழ்த்து, விரலால் டொக் டொக்கென்று தட்டினாள். துவண்ட குஞ்சுக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் வைத்தியம். எந்த டாக்டர் கண்டுபிடித்தாரோ தெரியாது, தட்டினால் பாதிக் குஞ்சாவது எழுந்துகொள்கிறது. 4417-ம் எழுந்துகொண்டது. கிண்ணியைத் தூக்கியதும் அது தள்ளாடியபடி வெளியே வந்ததைப் பார்த்து, தமிழ்நிலா கைகொட்டிச் சிரித்தாள்.

அன்றிலிருந்து அதுதான் அவளுக்கு விளையாட்டு. நோவு உள்ளதோ இல்லாததோ, குஞ்சைப் பிடித்துக் கிண்ணியைக் கவிழ்த்துத் தட்டுவாள். குஞ்சு உள்ளே இருந்தபடி தன் காரியத்தை முடித்திருக்கும். கிண்ணியைப் பாவாடையில் துடைத்துவிட்டு, அம்மாவிடம் கஞ்சிக்கு நீட்டுவாள். கிண்ணி அவளுடையதுதானே. பாசப் படத்துக்குப் பழகட்டும் என்று கொளஞ்சியும் விட்டுவிட்டாள். எண்ண வந்த ஆள் பார்த்துவிட்டு, மாடல் குடும்பம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனான்.

இந்த நேரத்தில்தான் வடக்கே மகாராஷ்டிராவில் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் என்று டிவியில் ஓயாமல் காட்டினார்கள். இங்கே ஒரு கோழியும் தும்மவில்லை. ஆனால் கோழி ஆபீசுக்கு ஜுரம் கண்டுவிட்டது. உடனே ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் பயனாளிகளோ பணியாளர்களோ 'கோழி' என்ற சொல்லையும் 'நோய்' என்ற சொல்லையும் ஒரே வாக்கியத்தில் பயன்படுத்தக் கூடாது. தவிர்க்கவே முடியாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஒரு பத்தி இடைவெளி விட வேண்டும். மீறினால் பெயர் நீக்கம். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். இருசப்பன் இரண்டு இடத்தில் போட்டான். ஒரே இடத்தில் போட்டால் போதும் என்றார்கள். இருக்கட்டும் என்றான்.

மாசி மாதத்து வியாழக்கிழமை காலையில் தமிழ்நிலா வாந்தியெடுத்தாள். மத்தியானத்துக்குள் வயிறு எட்டுத் தரம் போனது. உடம்பு அடுப்புச் சட்டியாய்க் கொதித்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் ரத்தம் தெரிந்தது. கொளஞ்சி "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். இருசப்பன் மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குத்தான் ஓடினான். பாதி வழியில் பத்தொன்பதாம் விதி ஞாபகம் வந்து நின்றான். பயனாளி வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லாவிட்டாலும் முதலில் முகமைக்குச் சொல்ல வேண்டும். அவன் கோழி ஆபீஸ் பக்கம் திரும்பினான். இதை நினைத்துப் பின்னால் எத்தனையோ நாள் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான்.

காய்ச்சல் என்று அவன் சொன்னதும் தெய்வசிகாமணி நிமிர்ந்து பார்க்காமலே பேனாவைத் திறந்தார்.

"காச்சல் எவ்ளோ இருக்குது?"

"அனலா கொதிக்குதுங்க சார். ரத்தமா போவுதுங்க."

"எந்த நம்பர் குஞ்சு?"

"குஞ்சு இல்லீங்க. எங் கொழந்தைங்க."

தெய்வசிகாமணி பேனாவை மூடினார். பிறகு யோசித்து மறுபடி திறந்தார். "உன் வீட்டுல ஒடம்பு சரியில்லன்னா குஞ்சுங்களுக்கும் ஏதாவது ஆயிருக்கலாம். போய் பத்தையும் எடுத்தா."

"சார், கொழந்த தொவண்டு போச்சுங்க. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு..."

"அதாம்பா, சீக்கிரம் எடுத்தான்னு சொல்றேன். ஆபீஸ் கொஞ்சம் கண்டிப்பாத்தான் இருக்கும். கோழி மிதிச்சு குஞ்சு மொடமாயிடுமா?"

ஆள் விட்டுச் சொல்ல, கொளஞ்சி அட்டைப் பெட்டியோடு ஓடி வந்தாள். வாசல் பெஞ்சில் தமிழ்நிலா சுருண்டு கிடக்க, மேசைமேல் பத்துக் குஞ்சுகளையும் வரிசையாக நிறுத்திப் பரிசோதித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தெர்மாமீட்டர் வைத்தார்கள். எடை போட்டார்கள். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார்கள். 4417-ஐ மட்டும் இரண்டு தரம் பார்த்தார்கள். எல்லாம் குண்டு குண்டென்று, மேசையில் இருந்த கோப்பைக் கொத்திக்கொண்டு நின்றன. தெய்வசிகாமணி தள்ளி நின்றபடியே மேற்பார்வை செய்தார். 'பத்துக் குஞ்சுகளும் நலம்' என்று சான்றிதழ் எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். ஒரு மணி நேரம் போயிருந்தது.

"கொழந்தைக்கு இன்னா சார் செய்யறது?" என்று கேட்டாள் கொளஞ்சி.

"கொழந்த நம்ம டிபார்ட்மென்ட் இல்லம்மா. குஞ்சுங்க நல்லா இருக்குது, இல்லியா? அப்போ வீட்டுல பிரச்சன இல்ல. எதையோ வாங்கித் தின்னிருக்கும்." பிறகு இருசப்பனைப் பக்கத்தில் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆஸ்பத்திரில வாய உட்றாத. நீ கையெழுத்துப் போட்டிருக்கற. அப்பறம், ரெண்டு பேரும் போயிட்டா குஞ்சுங்கள கைவிட்டதா எழுத வேண்டியிருக்கும். ஒருத்தர் வீட்டுல இருங்க."

கொளஞ்சி அழுதுகொண்டே பெட்டியோடு வீட்டுக்குப் போனாள். இருசப்பன் மகளோடு பஸ் ஏறினான். பஸ் பாதி தூரம் போனபோது குழந்தை தண்ணீர் கேட்டது. குடித்ததைக் குடித்தபடியே வாந்தியெடுத்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து முன்னால் போனார்கள். அவன் அவள் முகத்தைத் துடைத்துத் துடைத்து, "தோ வந்துடுச்சும்மா, தோ வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். வாழ்க்கையில் எத்தனையோ பேருக்குப் பயந்திருக்கிறான். அதெல்லாம் பயமே இல்லை என்று அந்த பஸ்ஸில்தான் அவனுக்குத் தெரிந்தது.

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் உடனே எடுத்துக்கொண்டு ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டர் அருள்மொழி என்று ஒரு சின்ன வயசுப் பெண். நின்று பேசினாள். என்ன சாப்பிட்டாள், எந்தத் தண்ணீர் குடித்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். அப்புறம் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"வீட்டுல கோழி, வாத்து ஏதாவது இருக்குங்களா?"

இருசப்பன் திரும்பிக் கதவைப் பார்த்தான். குழந்தையின் நோயைப் பற்றிய பேச்சில் கோழி வந்துவிட்டது. ஒரு பத்திகூட இடைவெளி இல்லை. சுவரில் ஒரு போஸ்டர், அதன் கீழே ஒரு முத்திரை. எங்கோ ஒரு மேசையில் ஒருவர் அவன் பெயர்மேல் ஸ்கேலை வைத்துக் கோடு போடுவதுபோல் இருந்தது.

"இல்லீங்க," என்றான்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"ஒரு கோழியும் இல்லீங்க. நாங்க உப்பளத்து ஆளுங்க."

அவள் எழுதிக்கொண்டாள். ஊரில் கடல்தண்ணி கலந்த கிணறு என்று அவன் சொன்னதை வைத்து, தண்ணீரால் வந்த சீதபேதி என்று அதற்கான மருந்தைக் கொடுத்தார்கள். ரத்தத்தையும் மலத்தையும் எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்க அனுப்பினார்கள். முடிவு வர நாளாகும்.

சனிக்கிழமை காய்ச்சல் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை தமிழ்நிலாவின் கண் செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நர்ஸ் ஓடினாள், டாக்டர் ஓடி வந்தாள், இருசப்பனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அவன் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றதென்று சொன்னார்கள். அருள்மொழி வெளியே வந்து, சளைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தாள்.

"மருந்து கேக்கல அப்பா. கிருமி ரத்தத்துல கலந்திருச்சோன்னு பயமா இருக்கு. எதுன்னு தெரிஞ்சா அதுக்கான ஊசிய இப்பவே போட்டுடலாம். ரிப்போர்ட்டு வர்ற வரைக்கும் கொழந்த தாங்கணும்."

தாங்கணும் என்ற ஒரு சொல் அவனை அப்படியே உட்கார வைத்துவிட்டது. தரையில் உட்கார்ந்து, கொலை செய்தவன் போலீசிடம் ஒப்புக்கொள்வதுபோல் விம்மி விம்மிச் சொன்னான்.

"பத்து கோழிக்குஞ்சு இருக்குதுங்க டாக்டரம்மா. வூட்டுக்குள்ளதாங்க வெச்சிருக்கோம். அதுங்க கூடவேதாங்க படுத்துக்கும் கொழந்த. கிண்ணிய அதுங்க மேல கவுத்து வெச்சி தட்டும், அதுலயே கஞ்சி குடிக்கும். முத்தம் குடுக்கச் சொல்லி போட்டோ எடுத்தாங்க. ஆனா குஞ்சு பத்தும் நல்லா இருக்குதுங்க. சர்டிபிகேட்டு வெச்சிருக்கறேன்." மடியிலிருந்து அதை எடுத்து நீட்டினான். நாலாய் மடித்த காகிதம் வியர்வையில் ஊறியிருந்தது.

அருள்மொழி அதைப் படித்தாள். திட்டுவாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் திட்டவில்லை.

"குஞ்சு நல்லாத்தாங்க இருக்கும். அதுக்கு ஒண்ணும் ஆகாது. அது எச்சத்துல கிருமி இருக்கும், எறகுல ஒட்டியிருக்கும். சால்மோனெல்லான்னு பேரு. தொட்ட கை வாய்க்குப் போனா கொழந்தைக்கு வரும். இத மொத நாளே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். உள்ளே போய் வேறு ஊசி போடச் சொன்னாள்.

செய்தி கேட்டு, திங்கட்கிழமை எண்ணிக்கைக்கு நிற்காமல், குஞ்சுகளுக்குத் தீனி போடப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுக் கொளஞ்சி வந்து சேர்ந்தாள். பொய் சொன்னதை அவனே அவளிடம் சொன்னான். அவள் அன்று முழுக்க அவன் முகத்தைப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் விட்டது. புதன்கிழமை தமிழ்நிலா கண்ணைத் திறந்து, பிஸ்கட் கேட்டாள். இருசப்பன் பிஸ்கட் வாங்கப் போய், கடை வாசலிலேயே நின்று அழுதான். அன்றைக்கே ரிப்போர்ட்டும் வந்தது. டாக்டர் சொன்ன கிருமிதான்.

அருள்மொழி அதை வைத்து, குஞ்சுகளை வீட்டுக்கு வெளியே கூண்டில் வைக்கச் சொல்லுங்கள், குழந்தைகளை முத்தமிடச் சொல்லாதீர்கள் என்று முகமைக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதினாள். கோழி ஆபீசில் பதினோரு மேசைகளும் கூடின. கடிதத்தில் கோழியும் நோயும் ஒரே வாக்கியத்தில் இருந்ததால் அதைப் பதிவேட்டில் ஏற்ற முடியவில்லை. ஆனால் அதில் சொன்ன விஷயம் கவலைக்குரியது என்று ஒப்புக்கொண்டார்கள். நாலு கூட்டம் போட்டு ஆராய்ந்து, ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

ரிப்போர்ட் வந்து ஒன்பது நாள் கழித்து மகளைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பிய இருசப்பனின் கொட்டகை வாசலில் ஜீப் நின்றது. தெருவே கூடியிருந்தது. தெய்வசிகாமணி ஜீப்பில் உட்கார்ந்தபடியே உத்தரவை வாசித்தார்.

"முகமையின் பத்துக் குஞ்சுகளும் பரிசோதிக்கப்பட்டு நலமாக உள்ளன. பயனாளியின் மகளுக்கு மட்டுமே கிருமி இருப்பது மருத்துவமனை மூலம் உறுதியாகியுள்ளது. எனவே கிருமியின் இருப்பிடம் மேற்படி குழந்தையே. முகமையின் சொத்துக்கு அக்குழந்தையால் ஆபத்து நேராதபடி, மறு உத்தரவு வரும்வரை, குழந்தை குஞ்சுகளிலிருந்து இருபது அடி தூரத்தில் வைக்கப்பட வேண்டும்."

கொளஞ்சிக்கு முதலில் புரியவில்லை. "இருவது அடின்னா? எங்க வூடே பத்தடிதான சார்?"

"அதாம்மா. குஞ்சுங்கள வெளிய விட விதி கெடையாது. கொழந்தைய எங்கியாவது சொந்தக்காரங்க வீட்டுல உடுங்க. நான் மனசாட்சிக்கு விரோதமா ஒண்ணும் சொல்லல. எனக்கு எல்லாமே உயிர்தான். இந்தா, கையெழுத்துப் போடு இருசப்பா. குஞ்சுங்கள உட்டுட்டுப் போனத நான் எழுதல, பட்டியல்ல உம் பேரு பத்திரமா இருக்குது."

இருசப்பன் பேனாவை வாங்கினான். வழக்கமான பயத்தோடுதான் வாங்கினான். தோளில் கிடந்த தமிழ்நிலா காற்றளவு கனம்கூட இல்லாமல், ஒரு வெறும் துணிப்பைபோல் இருந்தாள். கழுத்தில் அவள் மூச்சு பட்டது. அவன் மகளைக் கொளஞ்சியிடம் கொடுத்தான். பேனாவை ஜீப்பின் பானெட்மேல் வைத்தான். உள்ளே போய் அட்டைப் பெட்டியைத் தூக்கி வந்து, தெய்வசிகாமணியின் மடியில் வைத்தான்.

பெட்டியின் அடி ஈரத்தில் ஊறி இத்துப் போயிருந்தது. பிய்ந்துகொண்டு, பத்துக் குஞ்சும் அவர் வெள்ளை வேட்டியில் இறங்கி, சட்டையில் ஏறின. தெய்வசிகாமணி சீட்டின்மேல் எழுந்து நின்று அலறினார்.

"அய்யோ, எடுய்யா! எடுய்யா இதுங்கள! எம் பொண்ணு பெத்து வந்திருக்கறாய்யா, வூட்டுல பச்சக் கொழந்த இருக்குது! இதுங்க பேண்ட துணியோட நான் எப்பிடிய்யா கொழந்தையத் தூக்கறது? ஒட்டிக்காது?"

தெய்வசிகாமணி தாம் என்ன சொன்னோம் என்று உணர்ந்து, வாயை மூடினார்.

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்," என்றான் இருசப்பன். குரல் உயரவில்லை. "எம் பொண்ண பெஞ்சில போட்டுட்டு குஞ்சுக்கு தெர்மாமீட்டரு வெச்சீங்களே, அப்பவே ஒங்களுக்குத் தெரியும்."

அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குஞ்சுகள் இல்லாத இடம் தேடி ஜீப்புக்குள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டிரைவர் தள்ளி இறங்கி நின்றுகொண்டான். ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜீப் குஞ்சுகளோடு புறப்பட்டுப் போயிற்று.

கல்வீடு போயிற்று என்று இருசப்பனுக்குத் தெரியும். வாசல் தவலையிலிருந்து தண்ணீர் மொண்டு, சோப்பைப் போட்டு முழங்கை வரைக்கும் இரண்டு கைகளையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அதன் பிறகுதான் மகளை வாங்கிக்கொண்டான்.